ஏரியில நிக்கும்போது ஃப்ளை ராடுல எதை, எப்போ பாக்கணும்?

வாலாஜாவுல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. அமெரிக்காவுல இருக்கற மாமா ஊருக்கு வந்தப்போ 9 அடி, 6 வெயிட் ஃப்ளை ராடு (இறகு சுத்தின முள்ளை வீசி மீன் பிடிக்கற தூண்டில் கம்பு) ஒண்ணு, ரீலு, லைனு எல்லாத்தையும் குடுத்துட்டு போயிட்டாராம், வீட்டு மாடியில மாட்டி பாத்தா எல்லாம் பக்காவா இருக்கு, காவேரிப்பாக்கம் ஏரிக்கு எடுத்துட்டு போனா ஒரே சாயங்காலத்துல மூணு மீன் அறுத்துக்கிட்டு போயிடுச்சு, ரெண்டு மூணு மீன் கடிச்சும் மாட்டல, கடைசியில வீசும்போது ராடோட நுனி பாகமே கழண்டு தண்ணியில போய் விழுந்துச்சு. அதனால தண்ணியில நிக்கும்போது எதையெல்லாம், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை செக் பண்ணனும்னு ஒரு லிஸ்ட் வேணுமாம், அடுத்து குடியாத்தம் பக்கத்துல இருக்கற மோர்தானா அணைக்கு போகலாமான்னும் கேக்கறாரு. லிஸ்ட்னு கேட்டாலும் அவருக்கு உண்மையில தெரிய வேண்டியது வீட்ல நல்லா இருந்த சாமான் தண்ணிக்கு போனதும் ஏன் கெட்டுப்போகுதுங்கறதுதான், அது புரிஞ்சா எதை எப்போ பாக்கணும்னு தானா தெரிஞ்சிடும்.

நான் ரொம்ப வருஷமா இந்தப் பக்கத்து ஏரிகள்ல ஃப்ளை வீசறவன், தெரிஞ்சவங்களுக்கு ராடு ரிப்பேரும் பண்ணி குடுக்கறேன், ராடுல லைன் ஓடற வளையம் மாத்தறது, நூல் சுத்தறது அந்த மாதிரி வேலை. ஆனா உங்க சாமானை நான் கையில வாங்கி பாக்கல, நீங்க எழுதினத வச்சிதான் சொல்றேன், அதனால எது நிச்சயம், எது என் ஊகம்னு பிரிச்சே சொல்லிடறேன்.

சாதா தூண்டில்ல ஈயமோ தக்கையோ கனமா இருக்கும், அதை வீசினா நரம்பு, அதான் தூண்டில் நூல், பின்னாலேயே ஓடும். ஃப்ளையில முள்ளுக்கு கனமே கிடையாது, கோழி இறகும் ஆட்டு முடியும் சுத்தின தூண்டில் முள்ளுதான் ஃப்ளை, ஊதினா பறக்கும், அதனால கனத்தை எல்லாம் லைன்லயே வச்சிட்டாங்க. 6 வெயிட்னா லைனோட முதல் 30 அடி 160 கிரெய்ன், அதாவது சுமார் 10 கிராம் இருக்கும்னு கணக்கு. அந்த லைனைத்தான் முன்னாடியும் பின்னாடியும் காத்துல ஆட்டி வீசறோம். காவேரிப்பாக்கத்துல ஒரு பெரியவர் கொஞ்ச நேரம் வேடிக்கை பாத்துட்டு, "இன்னா தம்பி, மாடே இல்லாம சாட்டைய சுழட்டிக்கினு கீற"ன்னு கேட்டாரு, அவர் சொன்னது சரிதான், சாட்டை மாதிரியேதான் நுனிக்கு போகப் போக வேகம் ஏறும். இதுல விஷயம் என்னன்னா, ஒவ்வொரு வீச்சுக்கும் முடிச்சு, நரம்பு, ராடு ஜாயின்ட் எல்லாத்துக்கும் ஒரு உதறல் விழுது, பின்னாடி போற முள்ளு நம்ம கண்ணுக்கு தெரியாம எதையோ தட்டிட்டு வருது. மாடியில மாட்டி பாக்கும்போது இது ஒண்ணுமே நடக்கல, அதனாலதான் அங்க எல்லாம் நல்லா இருந்துச்சு. நிமிஷக் கணக்கு எல்லாம் எதுக்கும் உதவாது. என்ன நடந்துச்சுன்னு பாத்து செக் பண்ணனும், அதையும் முள்ளுல ஆரம்பிச்சு கைப்பக்கமா வரணும், ஏன்னா பத்துல எட்டு கோளாறு முள்ளுல இருந்து கடைசி ஒரு மீட்டருக்குள்ளதான் இருக்கும் (எண்ணிப் பாத்த கணக்கு இல்ல, சும்மா ஒரு பேச்சுக்கு சொல்றேன்).

கடிச்சும் மாட்டலன்னு சொன்னீங்களே, அதுக்கு முதல்ல முள்ளோட நுனியை பாருங்க. கட்டை விரல் நகத்து மேல நுனியை வச்சி அழுத்தாம லேசா இழுங்க, நகத்துல குத்தி நின்னா கூரா இருக்கு, வழுக்கிக்கிட்டு போனா மழுங்கிடுச்சு. காவேரிப்பாக்கம் மாதிரி ஏரியில கரைக்கு உள்பக்கம் கல்லு பதிச்சிருப்பாங்க, நீங்க அதுக்கு கீழ தண்ணி ஓரமா நின்னு வீசினா பின்னாடி போற லைன் கொஞ்சம் தாழ்ந்தா போதும், முள்ளு கல்லுல 'டிக்'னு ஒரு தட்டு தட்டும், காத்து சத்தத்துல அது கேக்கக்கூட கேக்காது. ஒரே தட்டுல நுனி மடங்கிடும், சில சமயம் நுனியே உடைஞ்சு போயிருக்கும், நம்ம அது தெரியாம சாயங்காலம் முழுக்க நுனி இல்லாத முள்ளை வீசிக்கிட்டு நிப்போம். அதனால பின்னாடி எதையாவது தட்டின மாதிரி சந்தேகம் வந்தா, சீமைக்கருவேல முள்ளுல மாட்டி இழுத்து எடுத்தா, மீன் கடிச்சு மாட்டாம போனா, மறு வீச்சுக்கு முன்னாடி நகத்துல ஒரு தடவை வச்சி பாத்துடுங்க, ரெண்டு செகண்டு வேலை. சின்ன அரம் ஒண்ணு பாக்கெட்ல இருந்தா அங்கயே தேய்ச்சிக்கலாம், நுனியே போயிருந்தா தேய்க்காதீங்க, மாத்திடுங்க. முள்ளோட வளைவு விரிஞ்சிருந்தாலும் அதேதான், வளைச்சி சரி பண்ணின முள்ளு அடுத்த நல்ல மீனுக்கு மறுபடி விரியும். அப்படியே ஃப்ளையையும் ஒரு பார்வை பாத்துடுங்க, பாசி தொங்குதா, இறகு வளைவுக்குள்ள சுத்திக்கிச்சா. ஒரு துண்டு பாசி தொங்கினாலும் ஜிலேபி மீன் கிட்ட வந்து பாத்துட்டு திரும்பி போயிடும்.

அறுந்துக்கிட்டு போன மூணு மீன் விஷயத்துக்கு வருவோம், இதுலதான் சொல்ல நிறைய இருக்கு. முள்ளு கட்டற கடைசி மெல்லிசு நரம்பு, அதான் டிப்பெட், நீங்க 5எக்ஸ் போட்டதா எழுதியிருக்கீங்க. இந்த எக்ஸ் நம்பருக்கு ஒரு சின்ன கணக்கு இருக்கு, 11ல இருந்து எக்ஸ் நம்பரை கழிச்சா ஒரு இன்ச்சுல ஆயிரத்துல எத்தனை பாகம் தடிமன்னு வரும், அப்போ 5எக்ஸ்னா ஆயிரத்துல 6 பாகம், 0.15 மில்லிமீட்டர். அது குளிர் ஊர்ல தெளிஞ்ச ஓடையில ட்ரவுட்டுக்கு போடறது, நம்ம ஊட்டி அவலாஞ்சி பக்கம் வெள்ளைக்காரன் காலத்துல கொண்டாந்து விட்டானே, அந்த மீனுக்கு. நம்ம கலங்கல் ஏரித் தண்ணியில, முதுகு முழுக்க முள்ளா இருக்கற ஜிலேபிக்கு அவ்ளோ மெல்லிசு தேவையே இல்ல, 2எக்ஸ் அல்லது 1எக்ஸ் போடுங்க. விரால் இருக்கற பாசி ஓரத்துல போடறதா இருந்தா இந்த எக்ஸ் கணக்கை எல்லாம் மூட்டை கட்டி வச்சிட்டு 0.40 மில்லிமீட்டருக்கு மேல தடிமனா போடுங்க, அது வாயில பல்லு இருக்கு, மாட்டினதும் நேரா செடிக்குள்ளதான் ஓடும்.

ஆனா மெல்லிசா இருந்ததாலேயே மூணும் அறுந்துச்சுன்னு சொல்லிட முடியாது. அறுந்து வந்த முனை எப்படி இருந்துச்சுன்னு நீங்க எழுதல, அதுதான் இதுல சாட்சி. முனை பன்னி வால் மாதிரி சுருண்டிருந்தா முடிச்சு இறுகாம வழுக்கி அவுந்திருக்குன்னு அர்த்தம், இது நிச்சயம். முனைக்கு கொஞ்சம் மேல நரம்பு சொரசொரன்னு, வெள்ளையா பூத்த மாதிரி இருந்தா கல்லுலயோ மீன் பல்லுலயோ உரசியிருக்கு. ஒரு கோளாறும் இல்லாம நடுவுல பட்டுன்னு அறுந்த மாதிரி இருந்தா பெரும்பாலும் அந்த இடத்துல ஒரு குட்டி முடிச்சு விழுந்திருக்கும், காத்து முடிச்சுன்னு சொல்லுவாங்க, பேருதான் காத்து, விழறது நம்ம கை வேலையில. வீசும்போது கடைசியில ஒரு வெட்டு வெட்டி வேகம் குடுத்தா ராடு நுனி கீழ இறங்கி லைன் தன்னையே குறுக்க வெட்டிக்கும், அப்போ நரம்புல தானா ஒரு சுருக்கு விழும். ஏரியில சாயங்காலம் எதிர்காத்து எழுந்ததும் எல்லாரும் பலமா வீச ஆரம்பிப்போம், அப்போ இது வரிசையா விழும். அந்த மாதிரி ஒரு சாதா முடிச்சு விழுந்தா நரம்போட பலம் பாதி வரைக்கும் கூட போயிடும்.

அதனால காத்து ஏறினப்புறம் கொஞ்சம் அடிக்கடியும், ஒவ்வொரு மீன் பிடிச்சு விட்டதுக்கு அப்புறமும், செடியிலயோ கல்லுலயோ மாட்டி விடுவிச்ச ஒவ்வொரு தடவையும், கடைசி ஒரு மீட்டரை ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டு மெதுவா இழுத்து பாருங்க. கண்ணுக்கு தெரியாதது நகத்துக்கு தெரியும், விரல் காச்சி போயிருந்தா உதட்டுல வச்சி இழுத்தா இன்னும் நல்லா தெரியும், ஆனா நம்ம ஏரித் தண்ணி இருக்கற லட்சணத்துக்கு நான் விரலோட நிறுத்திக்கறேன். முடிச்சு விழுந்து இன்னும் இறுகலன்னா முள்ளு நுனியை விட்டு நெம்பி அவுத்துடலாம், இறுகிட்டா யோசிக்காம வெட்டிட்டு புதுசா கட்டுங்க. ஒரு அடி நரம்புக்கு ஆகற காசை நினைச்சு நல்ல மீனை விடறவங்கதான் ஜாஸ்தி.

முடிச்சு கட்டும்போது எச்சில் தொட்டு ஈரம் பண்ணிட்டு இறுக்குங்க, காஞ்ச நரம்பை சர்ருன்னு இழுத்தா உரசல் சூட்டுலயே நைலான் கெட்டுப்போகும். கட்டினதும் முள்ளை செடியில இல்ல பிளையர்ல மாட்டி நிதானமா ஒரு இழுப்பு இழுத்து பாருங்க, அவுர்ற முடிச்சு மீன் வர்றதுக்கு முன்னாடியே அவுந்துடட்டும். நைலான் தண்ணி குடிக்கும், ஊறினா கொஞ்சம் பலம் குறையும், ஃப்ளோரோகார்பன்னு இன்னொரு வகை நரம்பு இருக்கு, அது குடிக்காது. ஃப்ளோரோகார்பன்தான் உரசலுக்கு தாங்கும்னு நிறைய பேர் அடிச்சி சொல்லுவாங்க, அதுல ஆளுக்கு ஒரு கருத்து இருக்கு, ஒரே தடிமன்ல ரெண்டையும் கல்லுல தேய்ச்சா எனக்கு பெருசா வித்தியாசம் தெரிஞ்சதில்ல. அது நைலானை விட கனம், முங்கும், இது சந்தேகமே இல்லாத விஷயம், அதனால மேல மிதக்கற ஃப்ளைக்கு நைலானே போடுங்க. இன்னொண்ணு, மாமா குடுத்த நரம்பு சுருள் எத்தனை வருஷமா எந்த பரண்ல கிடந்துச்சோ தெரியாது, வெயில் பட்ட பழைய நைலான் பாக்க புதுசு மாதிரி இருக்கும், இழுத்தா நூல் மாதிரி அறுந்துடும். அந்த சுருளை குப்பையில போட்டுட்டு புதுசு வாங்குங்க, என் ஊகத்துல உங்க மூணு மீன்ல ஒண்ணாவது அந்தக் கணக்குதான்.

இப்போ லைன். நீங்க கேக்கவே இல்ல, ஆனா அமெரிக்காவுல இருந்து வந்ததுன்னதும் எனக்கு முதல்ல தோணினதே இதுதான். ஃப்ளை லைனுக்கு உள்ள ஒரு நூல், மேல பிளாஸ்டிக் பூச்சு, பெரும்பாலும் பிவிசி. குளிர் தண்ணிக்குன்னு பண்ணின லைன் குளிர்லயும் சுருளாம இருக்கணும்னு சாஃப்டா பண்ணியிருப்பாங்க, அதை கொண்டாந்து வேலூர் வெயில்ல, சித்திரை வைகாசியில 40 டிகிரி தாண்டற ஊர்ல போட்டா நூடுல்ஸ் ஆயிடும், பிசுபிசுன்னு வளையத்துல ஒட்டிக்கிட்டு வெளிய ஓடாது. இந்த சூட்டுக்குன்னே ட்ராப்பிகல் லைன்னு தனியா இருக்கு, அது குளிர்ல கம்பி மாதிரி சுருளும், இங்க நல்லா இருக்கும். உங்க லைன் எந்த ஜாதின்னு அட்டை பாத்தா தெரியும், அட்டை இல்லன்னா மதியம் வீசி பாருங்க, விடிகாலையில வீசி பாருங்க, காலையில நல்லா ஓடி மதியம் ஒட்டினா அது குளிர் லைன். அதுக்காக தூக்கி போட வேண்டாம், காலையில ஒன்பது மணிக்குள்ள மீன் பிடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க, நம்ம வெயிலுக்கு மனுஷனுக்கும் அதான் நல்லது.

அங்க நிக்கும்போது லைன்ல பாக்க வேண்டியது, நுனி முங்குதான்னு. மிதக்கற லைனோட கடைசி சில அடி முங்க ஆரம்பிச்சா ஒண்ணு அழுக்கு ஏறியிருக்கு, இல்ல பூச்சு வெடிச்சு உள்ள நூல் தண்ணி குடிக்குது. அழுக்குன்னா ஈரத்துணியில பிடிச்சு இழுத்து துடைச்சாலே பாதி சரியாயிடும், மீதிக்கு வீட்ல வெதுவெதுன்னு தண்ணியும் லேசான சோப்பும் போதும். வெடிப்புன்னா அந்த இடத்தை வளைச்சு பாத்தா வாய் பிளக்கும், பெரும்பாலும் லீடர், அதாவது லைனுக்கும் டிப்பெட்டுக்கும் நடுவுல வர்ற நரம்பு, மாட்டற வளையம் பக்கத்துலதான் ஆரம்பிக்கும். இழுத்த லைனை கரை மணல்ல விட்டு அது மேலயே நடக்காதீங்க, பாலாத்து மணல் அந்த பூச்சுக்கு உப்புத்தாள். கொசு மருந்து இன்னும் மோசம், டீட்னு ஒரு கெமிக்கல் அதுல இருந்தா பிளாஸ்டிக்கையே கரைக்கும், சன்ஸ்க்ரீனும் லைனுக்கு ஆகாது, பூசினா உள்ளங்கையை நல்லா கழுவிட்டு லைனை தொடுங்க. லீடரும் லைனும் சேர்ற இடத்துல ரெண்டு வளையமும் நேருக்கு நேரா கோத்துக்கிட்டு நிக்கணும், ஒண்ணு இன்னொண்ணு கழுத்தை சுருக்கு போட்டு நெரிக்கற மாதிரி இருந்தா தப்பா மாட்டியிருக்கீங்க, அது லைனை அறுக்கும்.

நுனி கழண்டு பறந்ததுக்கு காரணம் தேட வேண்டியதில்ல, ஜாயின்ட் தளர்ந்துடுச்சு, அவ்ளோதான். நாலு துண்டு ராடு வீச வீச கொஞ்சம் கொஞ்சமா திரும்பி தளரும், எல்லா கம்பெனி ராடும் தளரும். மாட்டும்போது வளையம் நேரா வர்ற மாதிரி வச்சி குத்தாம, கால் திருப்பு தள்ளி வச்சி, உள்ள தள்ளிக்கிட்டே திருப்பி நேர் பண்ணுங்க, பிடிப்பு நல்லா இருக்கும். தண்ணியில நிக்கும்போது ஃப்ளை மாத்தற ஒவ்வொரு தடவையும் ஜாயின்ட்டை ஒரு தடவை கையால திருப்பி பாத்துடுங்க, வளையம் எல்லாம் ஒரே கோட்டுல இருக்கான்னு பின்னால இருந்து ஒரு கண்ணை மூடி பாத்தாலே தளர்ந்தது தெரியும். வீசும்போது 'டக் டக்'னு கையில ஒரு அதிர்வு வந்தா உடனே நிறுத்துங்க, தளர்ந்த ஜாயின்ட்ல வீசினா கழண்டு விழறது அதிர்ஷ்டம், நிறைய ராடு அந்த இடத்துலயே வாய் பிளந்துதான் என்கிட்ட ரிப்பேருக்கு வருது. மெழுகு தேய்க்கலாமான்னா சில கம்பெனி தேய்க்க சொல்றான், சில கம்பெனி கூடாதுங்கறான், உங்க ராடு எந்த கம்பெனின்னு பாத்து அவன் சொல்றத கேளுங்க. வளையத்தை அங்க பாக்க பெருசா எதுவும் இல்ல, வீட்ல ஒரு பஞ்சை உள்ள விட்டு எடுங்க, நார் மாட்டினா வெடிப்பு இருக்கு, லைனை அறுக்கும். கனமான ஃப்ளை வீசும்போது ராடுல பட்டு அடிச்சா அந்த இடத்தை மறக்காம தடவி பாருங்க, கார்பன்ல மயிரிழை வெடிப்பு விழுந்தா அன்னைக்கு உடையாது, வேற ஒரு நாள் நல்ல மீன் இருக்கும்போதுதான் உடையும்.

ரீலுக்கு ரெண்டே விஷயம். ராடுல மாட்டற திருகு தளர்ந்திருக்கான்னு பாருங்க, மணல்ல வைக்காதீங்க. வச்சிட்டீங்கன்னா 'கரகர'ன்னு சத்தம் வரும், அப்போ சுத்திக்கிட்டே இருக்காம லைன் சுத்தியிருக்கற ஸ்பூலை கழட்டி நல்ல தண்ணியில அலசிட்டு மாட்டுங்க. டிராக், அதாவது மீன் இழுக்கும்போது லைன் ஓடறத பிடிக்கற ரீல் பிரேக், எவ்ளோ இறுக்கணும்னு கேட்டா, லைனை கையால இழுத்தா விட்டு விட்டு ஜெர்க் அடிக்காம ஒரே சீரா வரணும், டிப்பெட் அறுறதுக்கு ரொம்ப முன்னாடியே லைன் ஓட ஆரம்பிக்கணும்.

சாமானை விட முக்கியமா உங்களை செக் பண்ணுங்க. பின்னாடி இருந்து வேகமா வர்ற முள்ளு அது, கண்ணாடியும் தொப்பியும் இல்லாம வீசாதீங்க, முள்ளு நுனிக்கு பக்கத்துல பின்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கற செதிலை பிளையர்ல நசுக்கிட்டா மாட்டினாலும் சுலபமா எடுத்துடலாம். கார்பன் ராடு கரண்டை கடத்தும், ஏரிக்கரையில நிறைய இடத்துல பம்ப்செட்டுக்கு போற கம்பி தாழ்வா தொங்குது, 9 அடி ராடை தூக்கி பிடிச்சிட்டு அதுக்கு கீழ நடக்கவே கூடாது, இடி இடிச்சா ராடை கீழ வச்சிட்டு தண்ணியை விட்டு தள்ளி வந்துடுங்க. ஏரிக்குள்ள இறங்கறதா இருந்தா வண்டல் மண் எடுத்த பள்ளம் எங்க இருக்குன்னு ஊர்க்காரங்களை கேட்டுட்டு இறங்குங்க, முட்டியளவு தண்ணி அடுத்த அடியில ஆளை முழுக்கிடும், கலங்கல்ல ஒண்ணும் தெரியாது.

மோர்தானா போகலாமான்னு கேட்டீங்க. இடம் அழகுதான், ஆனா பெரும்பாலான ஏரி, அணையில மீன் பிடிக்கற உரிமையை குத்தகைக்கு விட்டிருப்பாங்க, அதனால குத்தகைக்காரர்கிட்டயும் அங்க இருக்கற ஆபீஸ்லயும் கேக்காம ராடை எடுக்காதீங்க, இது காவேரிப்பாக்கத்துக்கும் சேர்த்துதான். மோர்தானாவுக்கு அந்தப் பக்கம் ஆந்திராவுல கௌண்டின்யா சரணாலயம், யானை இருக்கற காடு, குடியாத்தம் பக்கத்து கிராமத்துல யானை இறங்கறது அடிக்கடி நடக்கற விஷயம். அங்க போனா சாயங்கால மீனுக்கு ஆசைப்படாம காலையில வீசிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிடுங்க. அதுக்கு முன்னாடி காவேரிப்பாக்கத்துலயே புது 2எக்ஸ் நரம்பை போட்டு ஒரு காலை வீசி பாருங்க, மறுபடி அறுந்தா அந்த முனையை மட்டும் வெட்டி தூக்கி போடாம கிட்டத்துல வச்சி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, முடிச்சா, உரசலா, காத்து முடிச்சான்னு பாத்து சொல்றேன்.